பூவரசம்பூவும் பனியுகமும்

(காட்சி: வேலியோரம். பூவுக்குள் ஒரு விரல் போய் வருகிறது.)

வணக்கம். பாருங்கோ, விரலிலை மஞ்சளாய் ஒட்டியிருக்குது. இந்தத் தூளை நுணுக்குக்காட்டியிலை வைச்சால் ஒவ்வொரு மணியும் ஊமத்தங்காய் மாதிரி முள்ளு முள்ளாய்த் தெரியும். புல்லின்ரை மகரந்தம் அப்பிடியில்லை. வழுவழுவெண்ட உருண்டை, அதிலை ஒரேயொரு துவாரம்.

பனியுகத்திலை எங்கை என்ன முளைச்சதெண்டு கண்டுபிடிக்கிறவை பெரும்பாலும் நம்பியிருக்கிறது இந்தத் தூளைத்தான்.

(காட்சி: பாக்கு நீரிணை வரைபடம். நீலம் வற்றுகிறது.)

பனியுகத்தின்ரை உச்சத்திலை, 21,000 வருசத்துக்கு முன்னம், கடல்மட்டம் இண்டைக்கு இருக்கிறதை விட 120 மீற்றரளவு கீழை. பாக்கு நீரிணை அதிலை பாதி ஆழங்கூட இல்லை. அப்ப யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலை இருந்து தமிழ்நாட்டுக் கோடிக்கரைக்கு வள்ளம் தேவையில்லை, நடையாலை போகலாம்.

சரி, வழியிலை என்ன நிண்டது? எங்கடை மண்ணைக் கேட்டால் வாய் திறக்காது. உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண் காற்றோட்டமானது, வெயிலுக்குக் காய்ஞ்சு போறது. அதுக்குள்ள மகரந்தம் நிலைக்காது. தண்ணி தேங்கி, காற்று நுழையாத சேறு வேணும்.

(காட்சி: ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பு.)

அது இஞ்சை, இலங்கையின்ரை மத்திய மலைநாட்டிலை இருக்குது, 2,000 மீற்றருக்கு மேலை. அரைகுறையாய் மக்கின செடிச்சேறு, 24,000 வருசத்துக்குக் கிட்டப் படைபடையாய். குழாயை இறக்கி எடுத்து, மண்துகளைக் கண்ணாடியே கரையிற ஐதரோபுளோரிக்கமிலத்திலை கரைக்கினம். மகரந்தத்தின்ரை ஓடு மட்டும் அசையாது! பிறகு நுணுக்குக்காட்டிக்கு முன்னாலை குந்தி ஒவ்வொண்டாய் எண்ணுறது. பொறுமையில்லாதவைக்கு இந்த வேலை சரிவராது.

எண்ணிப் பாத்தால், பனியுகத்தின்ரை உச்சத்திலை தென்மேல் பருவக்காற்று நலிஞ்சு, இப்ப முகில் மூடுற அந்த மலையே வறண்டு கிடந்திருக்குது. மழை திரும்பின பிறகுதான் காடு பரவினது.

ஆனா எண்ணிக்கையை அப்பிடியே மரக்கணக்காய் எடுக்கேலாது. புல்லு தன்ரை தூளைக் காற்றிலை அள்ளி வீசும். பூவரசோ கொஞ்சமாய், பாரமாய், பூச்சி வருமட்டும் வைச்சிருக்கும். அதாலை இண்டைக்கு நிக்கிற காட்டின்ரை மேல்மண்ணிலை என்ன விழுதெண்டு முதல் பாத்து, அந்த அளவுகோலாலை பழைய சேற்றை அளக்கிறது.

அந்த அளவுகோல் இல்லாமல் 10,000 வருசம் கழிச்சு ஆரும் தொண்டைமானாற்றுச் சேற்றைக் கிண்டினால், இந்த வேலி முழுக்கப் பூவரசு நிக்க, "புல்லுத்தரை" எண்டு எழுதிப்போட்டுப் போவினம்.