கால் ஓடியது, நினைப்பு அசையவில்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டே பட்டிமன்றம் கேட்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

விசுவாச வாழ்வில் முதலில் மாற வேண்டியது நடத்தையா, சிந்தனையா? சிந்தனையே என்பது எங்கள் அணி. "யோசித்துக்கொண்டே இருந்தால் வேலூருக்கு ஆஸ்பத்திரி வந்திருக்குமா? ஐடா ஸ்கடர் செய்தார், வந்தது" என்றார் எதிரணி அக்கா. நானும்தான் கை தட்டினேன். ஆனால் அக்கா, கதையைப் பாதியிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஐடா நம்ம ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் துளியும் இல்லை. ஒரு ராத்திரி மூன்று பேர் அடுத்தடுத்து வந்து நின்றார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. "அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டவே வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

நடுவர் அவர்களே, அந்த ராத்திரி ஐடா செய்தது என்ன? ஒரு காயத்துக்குக் கட்டுக்கூடப் போடவில்லை. 'எனக்கும் இந்த ஊருக்கும் என்ன' என்ற நினைப்புதான் மாறியது. 1899-ல் டாக்டர் பட்டம், 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டில், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, எல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, அந்த வீட்டு ஆண்களைப் பாருங்கள். மனைவிமேல் பாசம் இல்லாதவர்களா? இருட்டில் ஓடி வந்தார்களே! கால் ஓடியது, நினைப்பு அசையவில்லை. மூன்று உயிர் போனது.

காட்பாடி தாண்டி கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு அடுத்தது தெரியும். தொழுநோயாளிக்குக் கஞ்சி ஊற்றியவர்கள், புண்ணைக் கழுவியவர்கள் முன்பும் இருந்தார்கள். நல்ல நடத்தைதான். ஆனால் சதை தானாக அழுகி விரல் குறைகிறது என்றே நம்பினார்கள். 1946-ல், ஐடா தொடங்கிய அந்த வேலூர் ஆஸ்பத்திரியான சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், அப்படியில்லை என்று கண்டார். உணர்ச்சி மரத்த விரலுக்கு அடுப்பின் சூடும் தெரியாது, கத்தி பட்டதும் தெரியாது. காயத்தின்மேல் காயம் பட்டுத்தான் விரல் போகிறது. அழுகும் கைக்கு ஆபரேஷன் எதற்கு என்று இருந்தவர்கள் நடுவே, மடங்கிப்போன விரலை நிமிர்த்தத் தசைநாணை இடம் மாற்றித் தைத்தார். அந்தக் கை மறுபடி சோற்றைப் பிசைந்தது.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் வரன் பயோடேட்டா வருகிறது. 'இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஜெபிக்கிற மணமகள் தேவை.' அல்லேலூயா! கீழே இன்னொரு வரி: 'எங்கள் இனத்தில் மட்டும்.' ஞாயிறு ஆராதனை தவறாது, தசமபாகம் தவறாது, உபவாசம் தவறாது. நடத்தையில் ஒரு குறை சொல்ல முடியுமா அக்கா? அந்தக் கடைசி வரியை எந்த நடத்தை அழிக்கும்? (முன்வரிசையில் சிலர் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.)

அடுத்துப் பேச வரும் தம்பி பேதுருவைச் சொல்வார், தெரியும். யோப்பாவில் மாடிமேல் தரிசனம் கண்டு, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனவரே, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்ட பந்தியிலிருந்து விலகவில்லையா, சிந்தனை மாறி என்ன பயன் என்று கேட்பார். கேளுங்கள் தம்பி. 'தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே' என்ற குரல் மூன்று முறை வந்தது. மூன்று முறை! அவ்வளவு ஆழத்தில் கிடந்தது அந்த நினைப்பு. அந்தியோகியாவில் பவுல் முகத்துக்கு நேராகக் கண்டித்தபோது, 'உட்கார்ந்து சாப்பிடு' என்று மட்டும் சொல்லி விடவில்லை. யூதனோ புறஜாதியோ விசுவாசத்தினாலேயே நீதிமானாகிறான் என்று அடிப்படையிலிருந்து வாதாடினார். பந்தியைச் சரிசெய்ய அவர் கை வைத்த இடம் பேதுருவின் சிந்தனை. இதற்குத் தம்பி பதில் சொல்லட்டும், அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள் ஐயா.