செல்லாதென்று என் பையில் விழுந்த காசுகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காசு சேகரிப்பு பற்றிப் பேச ஒரு பேராசிரியரையோ அருங்காட்சியக அதிகாரியையோ கூப்பிட்டிருக்கலாம். என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் 27 வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். பாதி வருஷம் சேலம் டவுன் பஸ், மீதி வருஷம் ஏற்காடு வண்டி. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சில்லறை எண்ணியவன். சாயந்திரம் டூட்டி முடிந்து கையை முகர்ந்தால் இரும்பு வாடைதான் வரும். நான் காசைத் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து தோல் பையில் விழுந்தது.

பையில் விழுந்ததை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது. டூட்டிக்கு ஏறும்போதே சொந்தப் பணம் எவ்வளவு என்று எழுதிவிட வேண்டும். நடுவழியில் செக்கிங் ஏறினால் பையைக் கொட்டி எண்ணுவார்கள். ஒரு ரூபாய் கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். அதனால் என் வழக்கம் இதுதான். பையில் ஒரு நல்ல காசைக் கண்டால், அதே மதிப்புக்கு என் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய். கணக்கு நகராது. வருஷம் மட்டும் மாறும்.

இந்த வேலையில் ஒன்று கவனித்தேன். ஊரில் யாரும் வாங்காத காசெல்லாம் கடைசியில் கண்டக்டரிடம்தான் வரும். மளிகைக் கடைக்காரர் மாட்டேன் என்பார், டீக்கடைக்காரர் மாட்டேன் என்பார், தட்டுவடை செட் தின்ற தள்ளுவண்டியிலும் மாட்டேன் என்பார்கள். பஸ்ஸில் ஏறி, கூட்டத்தோடு கூட்டமாக நம் உள்ளங்கையில் அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் என்னிடம் இருக்கும் நல்ல காசுகளில் முக்கால்வாசி அப்படித் தள்ளிவிடப்பட்டவைதான்.

பத்து ரூபாய் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் புழக்கத்துக்கு வந்தது. நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள். கொஞ்ச நாளில் ஒரு புரளி கிளம்பியது. பதினைந்து கோடு இருந்தால் போலி, பத்து கோடு இருந்தால் அசல் என்றார்கள். ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது என்றார்கள். உண்மை என்னவென்றால், ரூபாய்க் குறி 2011-லிருந்துதான் காசில் வந்தது. அதற்கு முந்தைய காசில் அது எப்படி இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. நம் ஊர்க் கடைகள் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் என் பை கல்லு மாதிரி கனத்துக் கிடக்கும். வீட்டுக்காரி திட்டுவாள். ஆனால் ஹோமி பாபா நூற்றாண்டுக் காசு, ரிசர்வ் வங்கியின் பவள விழாக் காசு, நாடாளுமன்றத்தின் அறுபதாண்டுக் காசு எல்லாம் அந்தக் கனத்துக்குள்ளிருந்துதான் எனக்குக் கிடைத்தன. ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை.

ஊர் ஒதுக்கினால் காசு அரிதாகும் என்பது இன்றைய கதை இல்லை. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் வந்தது. மன்னரின் அங்கியில் சின்னதாக ஒரு யானை. செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக வைத்துவிட்டார். பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. இந்துக்களும் முகமதியர்களும் முகம் சுளித்தார்கள். அரசு வெளியீட்டை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டு, அடுத்த வருஷம் தும்பிக்கையை நீட்டி வேறு ரூபாய் அடித்தது. இன்றைக்கு அந்தப் 'பன்றி ரூபாய்' ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள்.

வெள்ளி ரூபாய் என்றதும் செவ்வாய்ப்பேட்டை ஞாபகம் வருகிறது. எனக்கு அங்கே கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. பாட்டி பெட்டியிலிருந்து விக்டோரியா ரூபாயை எடுத்து வந்து, எடைக்குப் போட்டுக் கொலுசாக்கிப் போவார்கள். ஒரு ரூபாய் 11.66 கிராம், பதினொரு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு கலப்பு. ஒரு நாள் அவர் வெள்ளி உருக்கும் மூசையில் போடக் கையில் எடுத்ததை நான் வாங்கிப் பார்த்தேன். ராணியின் கழுத்து மணிகூடத் தேயாமல் இருந்தது. எடைக்கு வெள்ளி கொடுத்துவிடுகிறேன், இதை விடுங்கள் என்றேன். "நீங்க ஒருத்தர் கேட்டீங்க. கேட்காம போனது எத்தனை மூட்டை தெரியுமா?" என்றார். சேலத்துக் கொலுசின் பளபளப்பில் எத்தனை ராணிகள் கரைந்தார்களோ.

சரி, சட்டைப்பைச் சில்லறைக்கு வருவோம். கையில் ஒரு காசு வந்தால் எதைப் பார்ப்பது? பெரும்பாலோர் படத்தைப் பார்க்கிறார்கள். நான் வருஷத்துக்குக் கீழே பார்ப்பேன். அங்கே கடுகளவு ஒரு குறி இருக்கும். புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஐதராபாத். டைமண்ட் வடிவம் என்றால் மும்பை. ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. குறி தேய்ந்திருந்தால் நேராகப் பார்த்துப் பயனில்லை. டியூப் லைட்டுக்குக் கீழே காசைச் சாய்த்துப் பிடியுங்கள், நிழல் விழும். எண்பதுகளில் நம் ஆலைகளால் சமாளிக்க முடியாமல் வெளிநாட்டிலும் காசு அடித்து வாங்கினார்கள். 1985 ஒரு ரூபாயில் வருஷத்துக்குக் கீழே ஆங்கில எழுத்து 'எச்' இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து கப்பலேறி வந்த ரூபாய். எனக்கு அது அம்மாப்பேட்டை ஸ்டாப்பில் கிடைத்தது.

இன்னொன்று செய்து பாருங்கள். இப்போதைய காசில் ஒரு பக்கத்தை நேராக வைத்து, புத்தகத்தில் பக்கம் புரட்டுகிற மாதிரி புரட்டுங்கள். பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாகவோ சாய்ந்தோ நின்றால், அச்சு திரும்பிய நிலையில் அடிபட்ட காசு அது. பையில் போட்டுவிடாதீர்கள். ஆனால் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கி, 'அச்சுப்பிழை' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

நம் ஊர் விஷயங்கள் காசில் வருவதும் எனக்குத் தனி ஆசை. 1995-ல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவத்தோடு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்க் காசுகள் வந்தன. காமராஜர் நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய், அண்ணா நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய். அண்ணா காசில் அவர் கையெழுத்து தமிழிலேயே இருக்கும். 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஒன்று. இவையெல்லாம் இன்னும் சில்லறையில் சுற்றுகின்றன. மொய்க் கவரில் ஒட்டி வருகிற ஒரு ரூபாயையும் விட்டுவிடாதீர்கள். பீரோவில் வருஷக்கணக்கில் கிடந்த கவராக இருந்தால், அதில் உள்ள காசு கைபடாமல் புதுசாக இருக்கும். பிய்த்தெடுக்காமல், தண்ணீரில் ஊற வைத்துக் கழற்றுங்கள்.

தண்ணீர் போதும். புளி வேண்டாம். இதை நான் அழுதுகொண்டே சொல்கிறேன். என்னிடம் ஓட்டைக் காலணா ஒன்று இருந்தது. உலக யுத்தத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்ததால் 1943-லிருந்து நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்களே, அந்தக் காலணா. அறுபது எழுபது வருஷம் சேர்ந்த காபிக்கொட்டை நிறம் அதில். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வீட்டில் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். மினுமினுவென்று மின்னியது. ஒரு கண்காட்சியில் வியாபாரியிடம் காட்டினேன். ஓரத்தைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். "குளிப்பாட்டிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான், திருப்பிக் கொடுத்துவிட்டார். அழுக்கு என்று நாம் நினைப்பதைத்தான் அவர்கள் வயசு என்று பார்க்கிறார்கள்.

நோட்டுக்கு வருகிறேன். நோட்டின் எண்ணில் முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள். அச்சகத்தில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக நோட்டுக் கட்டுக்குள் செருகுவது அது. 2006-ல் பத்து, இருபது, ஐம்பது ரூபாயில் தொடங்கியது. அது போலி என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வேறு நோட்டு கொடுத்தேன். முகமதியர்கள் புனிதமாக நினைக்கும் 786-ல் முடிகிற நோட்டைக் கேட்டு வாங்குபவர்கள் எல்லா மதத்திலும் உண்டு, எங்கள் டிரைவர் ஒருவர் விபூதிப் பட்டையோடு அதைப் பர்ஸில் வைத்திருந்தார். ஒரு ரூபாய் நோட்டு தனி ஜாதி. அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி இல்லை, மத்திய அரசு. அதனால் கவர்னர் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும். மன்மோகன் சிங் செயலாளராக ஒரு ரூபாயிலும், பிறகு கவர்னராக மற்ற நோட்டுகளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2016-ல் செல்லாமல்போன பழைய ஐந்நூறு, ஆயிரத்தை ஞாபகத்துக்கு வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ல் வந்த சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கும் சேகரிப்புக்கும் 25 வரை.

விலையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் என்று கைபேசியில் வருகிறதே, அது பச்சைப் பொய். சில்லறையில் கிடைக்கும் நினைவுக் காசு பலவற்றுக்கு முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவே. எங்கள் தெருவில் ஒருவர் அந்தச் செய்தியை நம்பிப் பேசினார். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி. காசை வாங்க வந்தவன் காசு கேட்பானா? அவர் கட்டினார். ரிசர்வ் வங்கி பெயரிலேயே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரித்தது. பழைய காசை வாங்கவோ விற்கவோ அது யாரையும் அனுப்புவதில்லை, கட்டணமும் கேட்பதில்லை.

ஒரு காசுக்கு மட்டும் நான் முகமதிப்பைவிட நிறையக் கொடுத்தேன். 2011 ஜூன் மாதம். அந்த மாதக் கடைசியோடு நாலணா என்கிற 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளதும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஜனங்கள் வீட்டு டப்பாவையெல்லாம் பஸ்ஸில் கொட்டினார்கள். ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒரு மலைக்காரப் பாட்டி ஏறி, சுருக்குப்பையைப் பிரித்தார். "சாமி, இதெல்லாம் இனிமே ஓடாதாமே" என்று உள்ளங்கையில் வைத்தார். காண்டாமிருக நாலணா, அலுமினியத்தில் அறுகோண இருபது பைசா, நெளிநெளியான பத்து பைசா. நடுவில் மஞ்சளாக வட்டமாக ஒன்று. தாமரைப்பூ போட்ட இருபது பைசா. 1968-லிருந்து 71 வரைக்கும்தான் அடித்தார்கள். தங்கம் மாதிரி இருக்கிறதென்று பூஜைத் தட்டுக்குப் போய்விட்டதால் புழக்கத்தில் பார்க்கவே முடியாது. என் அம்மாவும் சாமி படத்துக்கு முன்னால்தான் வைத்திருந்தார்.

நான் என் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். பாட்டி வாங்கவில்லை. "இருபது காசுக்குப் பத்து ரூவாயா? மீதி குடுக்க எங்கிட்ட ஏது சாமி?" வண்டி முழுக்கச் சிரித்தது. கடைசியில் பேத்தி வாங்கி இடுப்பில் செருகிவிட்டாள். அடுத்த வாரம் அதே ஸ்டாப்பில் நின்றிருந்தார், ஏறவில்லை. ஜன்னல் வழியாக இரண்டு பட்டர் ஃப்ரூட்டை நீட்டி, "மீதி" என்றார்.

இப்போது நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். போன வாரம் ஜங்ஷனிலிருந்து வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் தம்பிக்கு என் மகன் வயசுகூட இருக்காது. கையில் டிக்கெட் மெஷின். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். மீதியைத் தரப் பையைத் துழாவிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, பத்து ரூபா காசுதான் இருக்கு. வாங்கிக்குவீங்களா?"

வாங்கிப் புரட்டினேன். வருஷத்துக்குக் கீழே புள்ளி. நொய்டா.

"இன்னும் இருந்தாலும் குடுங்க தம்பி," என்றேன்.