அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது

அவையோருக்கு வணக்கம். கிறிஸ்தவம் யூத மதத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்தப் பிறப்பை ரபிகள், அதாவது யூத மத ஆசான்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால், என் நினைவுக்கு முதலில் வருவது ஒரு கடைத்தெரு.

ரபி எலியேசர், கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் எரிந்த பிறகு யூத மரபைத் தூக்கி நிறுத்திய தலைமுறையின் பெரிய மனிதர். அவரையே ‘மினூத்’, அதாவது சமயப் புரட்டு என்று சொல்லி, ரோமானியர்கள் பிடித்தார்கள். “நீதிபதியை நம்புகிறேன்” என்றார் அவர். விசாரித்த ரோமானிய ஆளுநர், தம்மைத்தான் சொல்கிறார் என்று குளிர்ந்துபோய் விடுவித்துவிட்டார். கிழவர் சொன்னதோ மேலே இருக்கிறவரை!

விடுதலையாகியும், மினூத் என்ற பழி தம்மேல் வந்ததே என்று அவருக்கு மனம் ஆறவில்லை. சீடர் அகிவா மெல்லக் கேட்டார்: “மினூத் வார்த்தை எதையாவது கேட்டு ரசித்தீர்களா?” அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நாசரேத்துக்குப் பக்கத்து ஊரான செப்போரிஸின் தெருவில் யாக்கோபு என்ற ஒருவர், இயேசுவின் பெயரால் ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். என்ன விளக்கம் என்பதை, ரபிகளின் வாக்குகளைத் தொகுத்த பழைய நூலான தொசெப்தா சொல்லாமல் விடுகிறது. ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பிந்திய பெருநூலான பாபிலோனிய தல்மூத் சொல்லிவிடுகிறது. வேசித்தொழிலில் வந்த பணத்தை ஆலயத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்கிறது வேதத்தின் உபாகமம். அந்தப் பணத்தில் தலைமை ஆசாரியருக்குக் கழிப்பிடம் கட்டலாமா? கட்டலாம், அசுத்தத்திலிருந்து வந்தது அசுத்தத்துக்கே போகட்டும் என்று மீகா தீர்க்கதரிசியின் வசனத்தைக் காட்டுகிறது அந்த விளக்கம்.

இயேசு உண்மையில் இப்படிச் சொன்னாரா என்பதல்ல என் கேள்வி. ஒரு வசனம், ஒரு சிக்கல், அதை அவிழ்க்க இன்னொரு வசனம்: இது முழுக்க ரபிகளின் பாணி. கதை சொன்னவர்கள் இயேசுவைத் தங்கள் பள்ளிக்கூடத்து மொழியிலேயே பேசவைத்திருக்கிறார்கள். எலியேசரும் மறைக்கவில்லை: “அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.” அந்நியன் பேச்சு என்றால் இவ்வளவு பயம் எதற்கு? (1578-இல் தொடங்கிய தல்மூத்தின் பாசல் பதிப்பில் கிறிஸ்தவத் தணிக்கையாளர்கள் இந்தப் பகுதி உள்ள நூலையே விட்டுவிட்டார்கள். பயம் இரு பக்கமும் இருந்தது.)

இன்னொரு காட்சி. பென் தாமாவைப் பாம்பு கடித்துவிட்டது. இயேசுவின் பெயரால் குணமாக்க அதே யாக்கோபு வந்து நிற்கிறார். தாய்மாமன் ரபி இஸ்மவேல் கூடாது என்கிறார். “அனுமதி உண்டென்று வசனம் காட்டுகிறேன், விடுங்கள்” என்று மருமகன் கெஞ்சுகிறான். சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. ஞானிகளின் வேலியைத் தாண்டாமல் போனாய், நீ பாக்கியவான் என்கிறார் மாமன். தல்மூத் அத்தோடு விடவில்லை. அவன் காட்டவிருந்த வசனம் எது என்று தேடி, அதையும் எழுதிவைத்திருக்கிறது: கட்டளைகளால் மனிதன் பிழைக்க வேண்டும், சாக அல்ல.