பாதாளம் வேறு, நரகம் வேறு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஞாயிறு ஆராதனையில் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, கிறிஸ்து மரித்து அடக்கம்பண்ணப்பட்டு, "பாதாளத்தில் இறங்கினார்" என்று நம் சபையார் ஒரே குரலில் அறிக்கையிடுகிறார்கள். அதே பிரமாணத்தை ஆங்கிலத்தின் பழைய வடிவில் சொல்பவர்களோ, அந்த இடத்தில் 'ஹெல்' என்கிறார்கள். இயேசு நரகத்துக்கா போனார் என்று ஆங்கில ஆராதனைக்குப் போய்வந்த பிள்ளைகள் வீட்டில் கேட்பதுண்டு. பாதாளம் வேறு, நரகம் வேறு என்பதைத் தமிழ் வேதாகமம் நமக்குப் பெருமளவு காத்துக்கொடுத்திருக்கிறது. அதை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்ற ஆதங்கத்தோடுதான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பழைய ஏற்பாட்டின் எபிரெய மூலத்தில் 'ஷியோல்' என்ற சொல் 60-க்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அது மரித்தோர் அனைவரும் சென்று சேரும் இருண்ட, அமைதியான இடம். யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, "நான் துக்கத்தோடே என் குமாரனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன்" என்று அழுகிறார். தன் செல்ல மகன் ஆக்கினைக்கு, அதாவது தண்டனைக்கு, போய்விட்டான் என்று அந்தத் தகப்பன் சொல்லவில்லை. மகன் போன இடத்துக்கே தானும் போவேன் என்றுதான் சொல்கிறார். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு ஈடான சொல் 'ஹாதேஸ்'. ஆக்கினையைக் குறிக்க இயேசு பயன்படுத்திய 'கெஹென்னா' முற்றிலும் வேறு. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ஷியோலை ஏறத்தாழப் பாதி இடங்களில் 'ஹெல்' என்றும், கெஹென்னாவையும் அதே 'ஹெல்' என்றும் எழுதிவிட்டது. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்போ முன்னதைப் பெரும்பாலும் பாதாளம் என்றும், பின்னதை நரகம் என்றும் பிரித்தே தருகிறது. ஒன்பதாம் சங்கீதம் போன்ற சில இடங்களில் மட்டும் இந்த ஒழுங்கு தவறுகிறது.

கெஹென்னா என்பது ஓர் இடத்தின் பெயர். எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்குதான் அது. இன்றும் அங்கே நடந்து போகலாம். அங்கே எருசலேமின் குப்பை இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்தச் செய்தி கி.பி. 1200 வாக்கில் வாழ்ந்த யூத ரபி தாவீது கிம்ஹியின் உரையில்தான் தெளிவாகக் காணப்படுகிறதே தவிர, இயேசுவின் காலத்து எழுத்து எதிலும் இல்லை. வேதாகமமே சொல்லும் காரணம் அதைவிடக் கொடியது. ஆகாஸ், மனாசே என்ற யூதாவின் ராஜாக்கள் அந்தப் பள்ளத்தாக்கில் தங்கள் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள். பிற்பாடு யோசியா ராஜா அந்தப் பலியிடத்தைத் தீட்டுப்படுத்தி, மறுபடி யாரும் அங்கே அதைச் செய்யாதபடி தடுத்தார். எரேமியாவின் ஏழாம் அதிகாரத்தில் கர்த்தர் அந்தப் பாதகத்தைக் குறித்து, அதை நான் கட்டளையிடவுமில்லை, "அது என் மனதில் தோன்றவுமில்லை" என்கிறார். பிள்ளைகளை எரிப்பது தம் மனதில் தோன்றவே இல்லை என்று தேவன் சொன்ன அதே பள்ளத்தாக்கின் பெயரால்தான் நாம் நரகத்தைச் சொல்கிறோம். அதனால், குழந்தைகளை உட்கார வைத்து அக்கினிப் படங்களைக் காட்டிப் பயமுறுத்தும் வகுப்புகளைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு எரேமியாவின் இந்த வசனம்தான் நினைவுக்கு வரும்.

அப்படியானால் நரகம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. மத்தேயு 25-இன் முடிவில் இயேசு, ஒரு சாரார் "நித்திய ஆக்கினையை" அடையவும் நீதிமான்கள் "நித்திய ஜீவனை" அடையவும் போவார்கள் என்கிறார். ஒரே வாக்கியத்தில் ஒரே அடைமொழி இரண்டு முறை வருவதால், ஜீவன் முடிவில்லாதது என்றால் ஆக்கினையும் முடிவில்லாதது என்றே கொள்ள வேண்டும் என்று பழங்காலத் திருச்சபைத் தந்தை அகஸ்டின் வாதிட்டார். மேற்கத்திய திருச்சபை அவர் வழியே நின்றது. அந்த வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதும் அன்று. ஆனால் அதே மத்தேயுவில், "ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே" பயப்படுங்கள் என்ற வசனமும் இருக்கிறது. அழிப்பது என்றால் இல்லாமற்போகச் செய்வதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வேதவசனத்தின் மேல் உறுதியாக நின்றவர் என்று நம் சபைகளில் மதிக்கப்படும் ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட் 1988-இல் மிகுந்த தயக்கத்தோடு அந்தப் பக்கம் சாய்ந்தார். அக்கினி சுத்திகரிக்கும், கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று 4ஆம் நூற்றாண்டில் எதிர்பார்த்த ஆயர் நீசாவின் கிரகோரி இன்றும் பரிசுத்தவானாகவே போற்றப்படுகிறார். அதே நம்பிக்கையோடு சேர்த்துப் பேசப்படும் 3ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிஜனின் போதனைகளோ 6ஆம் நூற்றாண்டில் கண்டனத்துக்கு உள்ளாயின.

இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறார்கள். நித்தியம் என்பது நீண்டுகொண்டே போகும் காலமன்று, தேவனை அறியும் வாழ்வின் தன்மை என்று எழுதிய ஆங்கிலேய இறையியலாளர் பிரெடெரிக் டெனிசன் மாரிஸ் 1853-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பேராசிரியர் பதவியை இழந்தார். 1864-இல், துன்மார்க்கருக்கும் முடிவில் மன்னிப்பு கிடைக்கலாம் என்று ஒரு குரு நம்புவது தண்டனைக்குரியதன்று என இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தபோது, நித்திய ஆக்கினையை வலியுறுத்தும் அறிக்கையில் ஏறத்தாழ 11,000 குருமார் கையெழுத்திட்டார்கள்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நரகம் என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் இந்த மண்ணிலிருந்து எடுத்தார்கள். இங்குள்ள பெரும்பாலான சமய மரபுகளில் அது வினைப்பயன் தீரும்வரை இருக்கும் இடம். தீர்ந்தால் உயிர் வெளியே வந்துவிடும். அந்தச் சொல்லுக்குள் கிறிஸ்தவர்கள் வேறொரு பொருளை ஊற்றினார்கள்.

இயேசு நரகத்தைக் குறித்து யாரிடம் பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும். சீஷர்களிடமும், வேதபாரகரிடமும், பரிசேயரிடமும் பேசினார். புறமதத்தாரைப் பார்த்து ஒருமுறைகூட அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தியதாகச் சுவிசேஷங்களில் இல்லை. மத்தேயு 25-இல் இடதுபக்கம் நிற்பவர்கள்மேல் சுமத்தப்படும் குற்றமும், "பசியாயிருந்தேன், நீங்கள் எனக்குப் போஜனங்கொடுக்கவில்லை" என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்க ஆராதனை முடிந்தபின், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, எங்கப்பா ஞானஸ்நானம் வாங்காமலே போயிட்டார். அவர் நரகத்துலதான் இருப்பார்னு கூட்டத்துல சொன்னாங்க. அப்படியா?" என்று கேட்டார். கையில் பழைய வேதாகமம் இருந்தது. அதன் ஓரங்கள் நைந்திருந்தன. அவருடைய தகப்பனார் எங்கே இருக்கிறார் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்றேன். அப்படிச் சொன்னவர்களுக்கும் அந்த அதிகாரமில்லை என்றேன். பிறகு அவர் வேதாகமத்தையே வாங்கி, 139ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். "நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்" என்று அவர் மெதுவாக வாசித்தார். 'அங்கேயும்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டு, அதன் அடியில் கோடு போட்டுக்கொண்டார்.