தேன் மெழுகும் தொப்பைக் கொழுப்பும்: சீனி எப்படிக் கொழுப்பாகிறது?

வணக்கம் உறவுகளே!

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுத் தேன் வதையைப் பிழிந்து பார்த்திருக்கிறீர்களா? தேன் வழிந்து போத்தலுக்குள் போய்விடும். உள்ளங்கையில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு சக்கை மிஞ்சும். அதுதான் மெழுகு. அதைத் தண்ணீரில் போட்டால் கரையாது, மிதக்கும். ஏனென்றால் அது கொழுப்பு இனத்துப் பொருள்.

அந்த மெழுகு எங்கிருந்து வந்தது? பாலைப் பூவில் மெழுகு இல்லை. தேனீ அதை எங்கேயும் பொறுக்கிக்கொண்டு வரவும் இல்லை. அது குடித்தது வெறும் இனிப்பு. அந்த இனிப்பை உடம்புக்குள் வைத்தே மெழுகாக மாற்றிவிட்டது. இதே வேலையை, கிட்டத்தட்ட இதே முறையில், உங்கள் ஈரலும் செய்கிறது. எப்போது செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்பதில்தான் கனபேர் ஏமாந்துபோகிறார்கள். அதனால் வீடியோவைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

(திரையில்: தேனீயின் வயிற்றுப் பகுதி, மிகக் கிட்டத்தில்)

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு கிழமை வயதான வேலைக்காரத் தேனீ இது. வயிற்றின் அடிப்பக்கத்தில் நான்கு சோடி மெழுகுச் சுரப்பிகள் இருக்கின்றன. வளையங்களுக்கு இடையில் எட்டிப் பார்க்கிறதே, ஒரு தெளிவான மெல்லிய செதில், அதுதான் புது மெழுகு. தேனீ அதைக் காலால் இழுத்து வாய்க்குக் கொண்டுபோய், மென்று, கூட்டில் ஒட்டுகிறது. மென்ற பிறகுதான் அது வெளிறிப் போகும். ஒரு கிலோ மெழுகு வேண்டுமென்றால் தேனீக்கள் ஆறு முதல் எட்டுக் கிலோ தேனைச் செலவழிக்க வேண்டும் என்று தேனீ வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வார்கள்.

இனிப்பிலிருந்துதான் மெழுகு வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரான்சுவா யூபர். அவருக்குக் கண்பார்வை இல்லை! உதவியாளர் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் பரிசோதனைகளைத் திட்டமிட்டார். 200 வருடங்களுக்கு முன்பு, மெழுகு மகரந்தத்திலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். யூபர் தேனீக்களை அடைத்து வைத்து, மகரந்தமே கொடுக்காமல், தேனும் சீனிப்பாகும் மட்டும் கொடுத்தார். அவை வதை கட்டின. கட்டியதை எடுத்துவிட்டார், திரும்பவும் கட்டின. மகரந்தம் மட்டும் கிடைத்த தேனீக்கள் மெழுகே தரவில்லை. எவ்வளவு எளிமையான, எவ்வளவு உறுதியான பரிசோதனை! எனக்கு உயிரியலில் மிகவும் பிடித்த பரிசோதனைகளில் இது ஒன்று.

அப்புறம் இது பெரிய சண்டையாகவே மாறியது. பிரான்சின் பெரிய இரசாயனவியலாளர் தூமா, கொழுப்பைத் தாவரம்தான் செய்யும், விலங்கு அதைத் தின்று சேர்க்க மட்டுமே செய்யும் என்றார். ஜேர்மனியின் லீபிக், இல்லை, விலங்கின் உடம்பே மாவுப்பொருளைக் கொழுப்பாக மாற்றும் என்றார். கடைசியில் 1843இல் தூமாவே மில்ன்-எட்வார்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து தேனீக்களை வைத்துப் பரிசோதித்தார். சாப்பாட்டில் இருந்த கொழுப்பையும் தேனீயின் உடம்பில் ஏற்கெனவே இருந்த கொழுப்பையும் கூட்டினாலும் இவ்வளவு மெழுகு வராது என்று தெரிந்தது. அவருடைய கொள்கையை அவருடைய பரிசோதனையே தோற்கடித்தது. அதை அவர் ஒளிக்காமல் வெளியிட்டார். இதைத்தான் நான் விஞ்ஞானம் என்பேன்.

சரி, இப்போது நம் வயிற்றுக்குள் வருவோம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சீனி என்பது சுக்குரோசு. சிறுகுடலில் அது பாதி குளுக்கோசு, பாதி பிரக்டோசு என்று பிரிந்து, இரத்தத்தோடு ஈரலுக்குப் போகிறது. தேவையானது எரியும். மிச்சக் குளுக்கோசு கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும். ஈரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் அதைப்போல் சில மடங்கு.

இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளம் நிரம்பும்வரை வான் (மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம்) பாயாது. கிளைக்கோஜன் குளம் நிரம்பி வழியும்போதுதான் குளுக்கோசு பெருமளவில் கொழுப்பு செய்கிற பக்கம் திரும்பும்.

அந்தப் பக்கத்தில் நடப்பது இதுதான். ஆறு காபன் உள்ள குளுக்கோசு உடைந்து, இரண்டு காபன் துண்டுகளாகிறது. அவற்றுக்குப் பெயர் அசற்றைல் கோஏ. போகிற வழியில் கழன்ற காபன், மூச்சில் காபனீரொட்சைட்டாக வெளியேறும். பிறகு நொதியங்கள் ஒரு துண்டோடு இன்னொரு துண்டை ஒட்டத் தொடங்கும். இரண்டு இரண்டு காபனாக ஏழு தடவை ஒட்டினால் 16 காபன் நீளச் சங்கிலி ஒன்று கிடைக்கும். அதுதான் பாமிற்றிக் அமிலம். தேன் மெழுகின் முக்கியமான பகுதியும் இதே பாமிற்றிக் அமிலம்தான்! தேனீ அதை நீண்ட காபன் சங்கிலி கொண்ட அற்ககோல் ஒன்றோடு சேர்த்து மெழுகாக்குகிறது. நாம் மூன்று சங்கிலிகளைக் கிளிசரோலோடு சேர்த்துக் கொழுப்பாக்குகிறோம்.

இதில் திரும்பி வரும் பாதை கிடையாது. சீனியிலிருந்து கொழுப்பு வரும். ஆனால் அந்தச் சங்கிலியை மறுபடி குளுக்கோசாக்க மனித உடம்பால் முடியாது.

இப்போதுதான் முக்கியமான இடம். கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடை. பின்னேரம் நான்கு மணி. ஒரு பிளேன்டி, மூன்று கரண்டி சீனி, கூடவே இரண்டு வடை. இன்னும் ஒரு மாதத்தில் இடுப்பில் சேரப்போகும் கொழுப்பு எங்கிருந்து வரும்? சீனியிலிருந்து என்றுதான் எல்லாரும் சொல்வோம். பெரும்பாலும் அது வடை எண்ணெய்!

காரணம் இன்சுலின். சீனி இரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் ஏறும். ஏறியதும் உடம்பு முதலில் சீனியை எரிக்கத் தொடங்கும். கொழுப்புக் கலங்களின் கதவு உள்ளே வர மட்டும் திறக்கும், வெளியே போக மூடும். வடை எண்ணெய் பெரிய மாற்றம் எதுவுமில்லாமலே நேராகச் சேமிப்புக்குப் போய்விடும். குளுக்கோசைக் கொழுப்பாக்குவதற்கு அதன் சக்தியில் ஏறக்குறைய கால்வாசி செலவாகும். எண்ணெயைச் சேமிக்கச் சில சதவீதம்தான் செலவு. மலிவான வழி இருக்கும்போது உடம்பு ஏன் செலவான வழியில் போகப்போகிறது?

இன்னொன்று. கொழுப்புச் சங்கிலி கட்டத் தொடங்கும்போது முதலில் உருவாகும் பொருள் மலோனைல் கோஏ. கலத்துக்குள் கொழுப்பை எரிக்கும் அடுப்பான இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியா) வாசலை மூடுவதும் அதே பொருள்தான். கட்டுகிற வேலையும் எரிக்கிற வேலையும் ஒரே நேரத்தில் மோதாமல் உடம்பு பார்த்துக்கொள்கிற அழகு இது. அதனால் சீனி கொழுப்பாக மாறாத நேரத்திலும், சாப்பிட்ட கொழுப்பைக் கரையவிடாமல் பிடித்து வைக்கிறது.

அப்படியென்றால் சீனி தப்பித்துவிட்டதா? இல்லை. பிரக்டோசு என்ற மற்றப் பாதி இருக்கிறதே! குளுக்கோசு ஈரலுக்குள் போகும்போது, போதும் என்று நிறுத்துகிற ஒரு கட்டுப்பாட்டு இடம் உண்டு. பிரக்டோசு அந்த இடத்தைத் தொடாமலே உள்ளே போய்விடும். அது பெரும்பாலும் போய்ச் சேருவதும் ஈரலுக்குத்தான். சூரிச்சில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல சுகமான இளைஞர்களுக்கு 7 கிழமை, நாளுக்கு 80 கிராம் சர்க்கரையைக் குடிபானமாகக் கொடுத்தார்கள். பிரக்டோசும் சுக்குரோசும் குடித்தவர்களின் ஈரல், கொழுப்பமிலம் செய்கிற வேகம் இரண்டு மடங்கானது. வெறும் குளுக்கோசு குடித்தவர்களில் அப்படி ஆகவில்லை.

80 கிராம் என்பது பெரிய கணக்கா? ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 4 கிராம். மூன்று கரண்டி போட்டு ஐந்து தேத்தண்ணி குடித்தால் 60 கிராம். அதோடு சிவப்பு அடையாளம் போட்ட 400 மில்லிலீற்றர் சோடாப் போத்தல் ஒன்று. இலங்கையில் 2016 ஓகஸ்டிலிருந்து சோடாப் போத்தலில் நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல். அந்தப் போத்தலில் மட்டும் 44 கிராமுக்கு மேல் வந்துவிடும். மொத்தம் 100ஐத் தாண்டிவிட்டது.

"நான் சீனி போடுவதில்லை, வன்னித் தேன்தான், பனங்கட்டிதான்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே அன்போடு சொல்கிறேன். தேனில் குளுக்கோசைவிடப் பிரக்டோசு கூட. பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோசு. ஈரல் காட்டையும் பனையையும் பிரித்துப் பார்க்காது. ஆனால் நம் அம்மம்மாமார் பனங்கட்டியை நகத்தளவு கடித்துக்கொண்டே ஒரு கோப்பைத் தேத்தண்ணியை முடித்தார்களே, அந்தப் பழக்கத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். அதில் இனிப்பின் அளவு உண்மையிலேயே குறைவு.

சாராயம் தொடாத மனிதர்கள் ஸ்கான் அறிக்கையில் ஈரலில் கொழுப்பு என்று பார்த்துத் திகைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஈரலில் இருக்கும் கொழுப்பில் ஏறக்குறைய கால்வாசி ஈரலே புதிதாகச் செய்தது என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். சுகமான ஒருவரில் அந்தப் பங்கு மிகக் குறைவு. நல்ல செய்தியும் உண்டு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஈரலில் கொழுப்புப் படிந்த 11 முதல் 16 வயதுப் பையன்களுக்கு, சேர்க்கும் சீனியை 8 கிழமை மிகவும் குறைத்தார்கள். ஈரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்துக்கு இறங்கியது. எட்டே கிழமை!

உங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி? அளந்து பார்த்துக் கீழே எழுதுங்கள். ஈரலில் கொழுப்பு என்று அறிக்கை வந்த சொந்தக்காரர் யாராவது இருந்தால், இந்த வீடியோவை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.