கதீட்டர் போட்டவரின் சிறுநீரில் கிருமி இருந்தால்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் யாருக்காவது சிறுநீர் போக டியூப், அதாவது கதீட்டர், போட்டிருந்தால் அவரைப் பார்த்துக்கொள்பவர்கள் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். "டாக்டர், யூரின் கலங்கலா இருக்கு, நாத்தம் அடிக்குது, டெஸ்ட்டுல கிருமி இருக்குன்னு வந்திருக்கு, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க." நான் உடனே எழுதுவதில்லை. சிலருக்குக் கோபம்கூட வரும். ஏன் எழுதுவதில்லை என்றுதான் இன்று பேசப்போகிறேன்.

சாதாரணமாகச் சிறுநீர்ப்பை நிறையும், முழுசாகக் காலியாகும், போகிற வேகத்தில் வழியில் இருக்கிற கிருமியையும் அடித்துக்கொண்டு போய்விடும். டியூப் போட்டதும் இந்த வசதி போய்விடுகிறது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வழிகிறது, உள்ளே டியூப் நழுவாமல் பிடித்திருக்கும் பலூனால் அடியில் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கியே கிடக்கிறது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலி மாதிரிக் கிருமிகள் டியூபின் வெளிப்பக்கமாக ஏறுகின்றன, அல்லது யூரின் பேக்கின் குழாய் வாய் வழியாகவோ டியூபைக் கழற்றி மாட்டும் இடத்திலோ நுழைந்து உள்பக்கமாக ஏறுகின்றன. ஏறியதும் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பிடிக்கும் வழவழப்பு மாதிரி ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்துவிடும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூறு பேரில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் ஆகிவிட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே இருக்கும். அப்படியென்றால், மாதக்கணக்கில் டியூப் வைத்திருப்பவரின் சிறுநீரைச் சோதித்து "கிருமி இருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்தால் அதில் என்ன புதுச் செய்தி? கலங்கலும் வாடையும் மட்டும் இருந்தாலும் அதே கதைதான். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது மருந்து கொடுத்தால் கிருமி சில நாள் அடங்கும், அப்புறம் அந்த மருந்துக்கு அடங்காத ஒன்று வந்து உட்காரும், நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளில் கொடுப்பதற்கு நல்ல மருந்து மிஞ்சாது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் கணக்கு வேறு, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்க வலி, அடிவயிற்று வலி, திடீரென்று ரத்தம் கலந்து போவது. இவை வந்தால் காத்திருக்காதீர்கள். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினாலும் காட்டுங்கள், ஆனால் பழியை உடனே சிறுநீர் மேல் போட்டுவிடாதீர்கள், நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம், அவர்களுக்கு உடம்பு அதிகமாக இறுகி வெட்டி இழுப்பதே அறிகுறியாக இருக்கலாம். அடிபட்டது நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ என்றால் தலைவலியும் வியர்வையும் வந்து ரத்த அழுத்தம் எகிறலாம், அது அவசர நிலைமை. ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உடனே உதவிக்கும் கூப்பிடுங்கள்.

டெஸ்ட் எடுக்கவே வேண்டி வந்தால் யூரின் பேக்கிலிருந்து எடுக்கக் கூடாது, அதில் மணிக்கணக்கில் தேங்கிக் கிருமி பெருகியிருக்கும். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் பழையதை மாற்றிவிட்டு, புது டியூபிலிருந்து எடுப்பதுதான் சரி, இல்லையென்றால் அந்தப் படலத்தில் இருப்பதைத்தான் சோதித்துக்கொண்டிருப்போம். டியூப் அடிக்கடி அடைத்துக்கொண்டால் புரோட்டியஸ் என்ற கிருமியைச் சந்தேகப்படலாம், அது சிறுநீரைக் காரத்தன்மையாக்கி உப்பைக் கல்லாகப் படியவைக்கும், உள்ளே சிறுநீர்ப்பையிலும் கல் இருக்கலாம். இன்னொன்று, சில சமயம் பேக் முழுக்க ஊதா நிறமாக மாறிவிடும், வீட்டில் எல்லோரும் அலறிவிடுவார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குக் கிருமிகள் உண்டாக்கும் சாயம்தான் அது. டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து நடுங்க வேண்டாம்.

பராமரிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது, டியூபையும் பேக்கையும் தேவையில்லாமல் பிரிக்காமல் இருப்பது. ஒரு காலத்தில் சிறுநீரைத் திறந்த பாட்டிலில் வடியவிட்டார்கள், நான்கு நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிருமி சேர்ந்துவிடும். மூடிய அமைப்பு எவ்வளவு உதவும் என்று 1966-ல் குனின், மெக்கார்மக் என்ற இரண்டு மருத்துவர்கள் காட்டிய பிறகுதான் அது வழக்கமானது. பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது பேக்கைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலேயே வைத்துவிடுவார்கள் பாருங்கள், பழைய சிறுநீர் அப்படியே திரும்பி உள்ளே போகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், முன்னும் பின்னும் கை கழுவுங்கள். டியூப் நுழையும் இடத்துக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், கிருமிநாசினி, பவுடர் எதுவும் வேண்டாம். இழுபடாமல் தொடையில் ஒட்டிவையுங்கள்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய பாதுகாப்பு, டியூப் இல்லாமல் இருப்பது. எதற்காகப் போட்டோம், இன்னும் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. ஆபரேஷனுக்குப் போட்டது அப்படியே வீடு வரை வந்துவிடும். படுக்கை நனைகிறது என்பதற்காக மட்டும் டியூபை வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை, டயப்பரோ ஆண்களுக்கு வெளியே மாட்டும் உறையோ இருக்கிறது. சிறுநீர் தானாகப் போகாதவர்கள்கூடத் தேவையான நேரத்தில் டியூபை நுழைத்து, சிறுநீர் வடிந்ததும் எடுத்துவிடலாம். அதற்குச் சுத்தமான கை போதும், ஆபரேஷன் அறைச் சுத்தம் தேவையில்லை என்று லேப்பிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1970-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்.

அதற்காக நீங்களே டியூபை இழுத்துவிடாதீர்கள், உள்ளே பலூன் இருக்கிறது, கிழித்துவிடும். அடுத்த முறை மாற்றப் போகும்போது "இதை எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். எடுத்த அன்று சில மணி நேரம் கவனியுங்கள், சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பி வலித்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.