விழுந்த நாளே திருநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டார் உழைப்பாளிகள், மரியாதை தெரிந்தவர்கள் என்று மேடைக்கு மேடை புகழ்கிறோம். புகழட்டும். ஆனால் இது படைகள் நடந்த வழி என்பதை யாரும் சொல்வதில்லை. வடக்கே கஜலட்டிக் கணவாய், மேற்கே பாலக்காட்டுக் கணவாய். மைசூர்ப் படை, மதுரை நாயக்கர் படை, பிறகு கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. 1790-இல் திப்பு சுல்தான் கஜலட்டி வழியாக இறங்க, சத்தியமங்கலத்தில் சண்டை மூண்டது. யார் ஜெயித்தாலும் மிதிபட்டது நம் சோளக்காடுதான்.

இத்தனை அடியையும் இந்த மண் எங்கே எழுதி வைத்தது? படுகளத்தில் என்பேன்; வீரர்கள் களத்தில் விழுந்ததை நடித்துக் காட்டும் சடங்கு அது. அண்ணன்மார் சாமி திருவிழாவில் நீங்களும் விடிய விடிய உட்கார்ந்திருப்பீர்கள். பொன்னர், சங்கர் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர், சாவு நெருங்க நெருங்கக் குரலைத் தணிப்பார். உடுக்கை மட்டும் வேகம் பிடிக்கும். அருள் வந்த ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாய்வார்கள். வெள்ளைத் துணி போர்த்துவார்கள். கதைதான் என்று தெரிந்தும் பெண்கள் விம்முவார்கள். பிறகு தங்கை அருக்காணித் தங்காள் வருவாள், தீர்த்தம் தெளிப்பாள், விழுந்தவர்கள் எழுவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கட்டத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கதையில் எதிரிகளாக வரும் வேட்டுவர்களின் வழிவந்தவர்களும் நம் ஊர்களில்தான் வாழ்கிறார்கள். அந்த வேட்டுவர்களின் தலைவன் தலையூர்க் காளியை வீரனாகப் போற்றும் வாய்கள் இருக்கின்றன. அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கவனியுங்கள், நாம் நினைவில் வைத்திருப்பது வெற்றியை அல்ல, வீழ்ச்சியை. தீரன் சின்னமலை ஓடாநிலையில் கும்பினிப் படையை வென்றார் என்கிறோம். அந்த வெற்றிக்கு நாள் பார்த்து யார் மாலை போடுகிறோம்? 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டதைத்தான் ஆடிப் பதினெட்டு அன்று நினைக்கிறோம். ஒரு பக்கம் ஆற்றில் முளைப்பாரி விடுகிறோம், மறுபக்கம் அவருக்கு மாலை. படுகளம்தான் இதுவும், உடுக்கை இல்லாத படுகளம். தோற்றவனைக் கைவிடாத பழக்கம் இது. பாழ்நிலத்தில் கிணறு வெட்டுகிறவனின் பிடிவாதமும் இதே வகைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாது வருஷப் பஞ்சம் பற்றி நிறைய எழுதி வந்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். அதற்கு இப்போது இடமில்லை. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது; கொள்ளைநோயின் பெயரையே அம்மனுக்குச் சூட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். வணக்கம்.